"வெள்ளி" என்று ஏன் சொல்கிறோம்?
(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



கடையிலே "அஞ்சு வெள்ளிக்குக் கொடுங்க" என்கிறோம். நீட்டுவதோ காகித நோட்டு. அதிலே வெள்ளி எங்கே இருக்கிறது? வெள்ளிக் காசு புழங்கிய காலத்துச் சொல் அது. அந்தக் காசு நம் மலாக்காக் கடலடியிலும் கிடந்தது.

400 ஆண்டுகளுக்கு முன், தென் அமெரிக்காவின் பொத்தோசி மலையிலும் மெக்சிக்கோவிலும் வெட்டிய வெள்ளியை ஸ்பானியர் காசாக அடித்தார்கள். எட்டு ரியால் காசு ஒன்று சுமார் 27 கிராம். ஆசியத் துறைமுகங்களிலெல்லாம் அது செல்லுபடியாயிற்று. ஓரத்தைச் சுரண்டித் திருடாதிருக்க, பிற்காலக் காசுகளின் விளிம்பில் வரி போட்டார்கள். பல் பல்லாக இருந்த அந்த விளிம்பைப் பார்த்து மலாய்க்காரர் 'ரிங்கிட்' என்றார்கள். 1975இல் அதுவே நாட்டுப் பணத்தின் அதிகாரப்பூர்வப் பெயராயிற்று.

1606 ஆகஸ்டில் தஞ்சோங் துவான் அருகே டச்சுக்காரரும் போர்த்துகீசியரும் மோதினார்கள். 'நசாவ்' என்ற டச்சுக் கப்பல் எரிந்து மூழ்கியது. 1995இல் அதை ஆராய்ந்தபோது பீரங்கிகளோடு ஸ்பானிய வெள்ளிக் காசுகளும் கிடைத்தன. 1817இல் கண்டோனிலிருந்து சென்னைப் பட்டணம் நோக்கிச் சென்ற 'டயானா' கப்பல் தஞ்சோங் பிடாரா அருகே மூழ்கியது. அதிலிருந்து எடுத்த 20,000க்கும் மேற்பட்ட பீங்கான்களில் பெரும்பகுதி 1995இல் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போனது. ஒன்றாக இருந்தால் சரித்திரம். பிரிந்துபோனால் வெறும் சாமான்.

மாணவர்களே, நாணயம் சேர்ப்பது நல்ல பழக்கம். ஆனால் "கப்பல் காசு" என்று யாராவது விற்றால் உடனே நம்பிவிடாதீர்கள். சுத்தியலால் அடித்த பழங்காசு ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. இரண்டு காசில் ஒரே நெளிவு, ஒரே பள்ளம் இருந்தால், அச்சில் வார்த்த போலி என்று சந்தேகப்படுங்கள். கறுத்த காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். எழுத்தும் சேர்ந்து போய்விடும். கடலோரத்தில் பழம்பொருள் ஏதும் கண்டால் அதிகாரிகளிடம் தெரிவிக்க வேண்டும். 2005ஆம் ஆண்டுத் தேசியப் பாரம்பரியச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

பெற்றோர்களே, கடலுக்குப் போவானேன்? பாட்டியின் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். 1903இல் வெளிவந்த எட்வர்டு மன்னர் வெள்ளி ஒன்று கிடந்தாலும் கிடக்கும். அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பால்மரம் நின்ற பல தோட்டங்களில் இன்று வீடுகள் நிற்கின்றன. லயம் போயிற்று, அங்கே வாழ்ந்தவர் பெயரும் போகவேண்டுமா? அந்தக் காசு யார் கைக்கு வந்தது, எந்தத் தோட்டத்தில், என்ன வேலைக்குக் கூலியாக வந்தது என்று பெரியவர்களை இன்றே கேளுங்கள். பிள்ளைகளை விட்டு ஒரு தாளில் எழுதச் சொல்லி, காசோடு சேர்த்து வையுங்கள்.

தாள் இல்லாத காசு வெறும் வெள்ளி. தாளோடு இருக்கும் காசு உங்கள் குடும்பத்தின் சரித்திரம்.