தொட்டியில் ஒரு பிரண்டைக் கொடி

தமிழ்நாட்டில் பிரண்டையை முயன்று வளர்ப்பவர் மிகச் சிலரே. கள்ளிவேலியிலும் இடிந்த சுவரிலும் அது தானே படர்ந்து கிடக்கும். வேண்டியபோது நாலு தண்டு ஒடித்துக்கொள்வோம். ஆகவே அதைப் பேணும் முறையை நம் வீட்டுப் பெரியவர்கள் நமக்குச் சொல்லித் தரவில்லை. சொல்லும் அவசியம் அவர்களுக்கு நேரவில்லை. தில்லியிலோ கொல்கத்தாவிலோ மூன்றாம் மாடியில் குடியிருக்கும் நமக்குத்தான் அந்த அவசியம் நேர்ந்திருக்கிறது. திதி நாளன்று இலையில் பிரண்டைத் துவையல் இருந்தே தீரவேண்டும் என்று கருதும் குடும்பங்கள் பல. ஊரிலிருந்து ஆசையோடு கொணர்ந்த தண்டை ஊன்றி, நாள்தோறும் நீர் வார்த்து, தை மாதத்துக்குள் அழுகிப்போகக் கண்ட குடும்பங்களும் பல.

நான் தாவரவியல் பயின்றவன் அல்லன். மொழிபெயர்ப்பே என் தொழில். ஆதலால் முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியில் இதனை ஹட்ஜோட் என்பர். எலும்பைப் பொருத்துவது என்று பொருள். வங்காளத்தில் ஹாட்ஜோரா. மராட்டியில் காண்ட்வேல், தெலுங்கில் நல்லேரு, கன்னடத்தில் மங்கரவள்ளி. அந்தந்த ஊர் நாற்றுப் பண்ணையில் இப்பெயரைச் சொல்லிக் கேட்டால், ஊருக்குக் கடிதம் எழுத வேண்டியிராது. லின்னேயஸ் 1767-இல் இதற்கு இட்ட இலத்தீன் பெயரிலும் நாற்கோணம் என்ற சொல் இருக்கிறது. தண்டு நாலு பட்டையாக, கணுவுக்குக் கணு இடுங்கி, சங்கிலி போல் இருக்கும். ஒடித்தால் பால் வரக்கூடாது. வெண்பால் வடிந்தால் அது கள்ளியினம். அந்தப் பால் கண்ணுக்குக் கேடு. அதை விட்டுவிடுங்கள்.

பிரண்டை திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. பற்றுக்கம்பிகளால் ஏறும் பழக்கம் அதனால்தான். ஆனால் திராட்சையைப் போல அது நீரை வேண்டி நிற்பதில்லை. சதைப்பற்றுள்ள தண்டிலேயே நீரைச் சேமித்துக்கொள்கிறது. தண்டின் நுண்துளைகள் பகல் வெயிலில் மூடியிருந்து இரவில் திறந்து காற்றை வாங்கும், நீர் வீணாவதில்லை. வறண்ட நிலத்துக்கென அமைந்த கொடி இது. இதை மனத்தில் கொண்டால் மற்றவை எளிது.

ஊரிலிருந்து தண்டு கொண்டுவருவோர் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவரலாம். பிளாஸ்டிக் பையில் கட்டினால் இரண்டு இரவு ரயில் பயணத்தில் வியர்த்துக் குழைந்துவிடும். மூன்று கணு உள்ள துண்டாக வெட்டி, வெட்டுவாய் காயும்வரை இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டுவையுங்கள். பிறகு ஒரு கணு மண்ணுக்குள் இருக்குமாறு ஊன்றுங்கள். வேர் அந்தக் கணுவிலிருந்தே விடும். அடியில் துளையுள்ள மண்தொட்டி சிறந்தது. தில்லியில் கிடைக்கும் வண்டல் மண் நனைந்தால் களிபோல் இறுகும். ஆகவே கட்டட வேலைக்குப் பதர்பூர் என்று சொல்லி விற்கும் பருமணலைப் பாதிக்குப் பாதி கலந்து, ஒரு பிடி மக்கிய எருவும் சேர்க்கவேண்டும். ஏறுவதற்கு ஒரு தேங்காய்நார்க் கயிறு போதும். காலை வெயில் படும் பால்கனி நல்லது. வீட்டுக்குள் என்றால் சன்னலை ஒட்டி வையுங்கள். இருளில் தண்டு நூல்போல் மெலிந்து நீளும்.

இனி நீர். பிரண்டை நீரின்றி மடிவது அரிது. நம் அன்பினால் மடிவதே பெரும்பாலும் நிகழ்கிறது. இலை உதிர்வதைக் கண்டதும் வீட்டில் ஒருவர் தவறாமல் குவளையோடு ஓடுவார். இளங்கணுவில் தோன்றும் இலை சில காலம் இருந்து உதிர்வது இக்கொடியின் இயல்பு. இலையைப் பார்க்காதீர்கள்; தண்டைத் தொட்டுப் பாருங்கள். தாகமுற்ற தண்டு சுருங்கி வரி விழும், ஆயினும் உறுதியாக இருக்கும். நீர் வார்த்தால் சில நாளில் மீளும். நீர் மிகுந்த தண்டோ அடியில் பழுப்பேறிக் குழையும். அதற்கு மீட்சியில்லை, மேலே பசுமையாக உள்ள பகுதியை வெட்டிக் காயவைத்துப் புதிய மண்ணில் ஊன்றுவதே வழி. மண்ணில் விரலை இரண்டங்குலம் விட்டு, ஈரம் தட்டாதபோது மட்டும் நீர் வாருங்கள். தட்டில் தேங்கும் நீரைக் கொட்டிவிடுங்கள். மும்பை நேயர்களுக்குக் குளிர் ஒரு பொருட்டன்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தொட்டியை மழைச்சாரலுக்கு ஒதுக்கி வைத்தால் போதும்.

தில்லிக் குளிர்தான் சோதனை. ஜனவரியில் இரவு வெப்பம் 5 டிகிரிக்கும் கீழே இறங்கும் நாட்கள் உண்டு. மூடுபனியில் மண் காய்வதே இல்லை. கொடி அப்போது வளர்ச்சியை நிறுத்திவிடுகிறது. டிசம்பர் பிறந்ததும் தொட்டியைச் சுவரோரமாகவோ சன்னலுக்கு உட்புறமாகவோ மாற்றிவிடுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் நண்பகலில், அரைக் குவளை நீர் போதும். உலர்ந்த மண்ணில் இருக்கும் பிரண்டை குளிரை ஒருவாறு தாங்கும். ஈர மண்ணில் தாங்காது. மாவுப்பூச்சி கணுவிடுக்கில் வெண்பஞ்சாகத் தெரிந்தால் சோப்பு நீரில் தோய்த்த துணியால் துடைத்தெடுங்கள்.

சமையலுக்கு நுனியிலுள்ள இளங்கணுக்களையே ஒடிக்கவேண்டும். ஒடித்த இடத்துக்குக் கீழே புதுக் கிளை விடும். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நாரும் கணுவும் நீக்குங்கள். தண்டில் ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருப்பதால் அரிப்பு உண்டாகிறது. பெற்ற வயிற்றில் பிரண்டையை வைத்துக் கட்டிக்கொள்ளச் சொல்லும் வசவு பிறந்ததும் இவ்வரிப்பை அறிந்தவர்களிடமே. எண்ணெயில் நிறம் மாறும்வரை நன்கு வதக்கிப் புளி சேர்த்து அரைத்தால் அரிப்பு அடங்கும். பச்சையாகக் குழந்தைகள் கடிக்காதபடி தொட்டியை எட்டாத இடத்தில் வையுங்கள்.

எலும்பு முறிவுக்கு நாட்டு மருத்துவம் இதனை நெடுங்காலமாகக் கையாண்டு வருகிறது. வடக்கே அண்டை வீட்டார் ஹட்ஜோட் என்றதும் நம் தொட்டியைத் தேடி வருவதும் அதற்காகவே. ஒரு துண்டைத் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் முறிந்த எலும்பை முதலில் மருத்துவரிடம் காட்டி நேராக்கிக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். இது அந்தச் சிகிச்சைக்கு ஈடாகாது.

தில்லியில் புதிதாக ஊன்ற மார்ச் மாதம் ஏற்றது. அப்போது ஊன்றிய தண்டில் முதற்கோடை முழுவதும் கைவைக்காமல் விட்டால், புரட்டாசி மகாளயத்தின்போது ஒரு சிறு குடும்பத்தின் துவையலுக்கு வேண்டிய இளந்தண்டு கயிற்றில் ஏறியிருக்கும்.