சௌத்கேற்றின் உதை

முரசுமோட்டை வயற்காரன் ஒருவன் இங்கிலாந்து உதைபந்தாட்ட அணிக்கு ஆதரவாளனாக இருப்பது ஊருக்குப் பகிடிதான். 1966இல் உலகக் கிண்ணம் வென்ற அணி, 1990 தொடக்கம் 2021 வரை பெரிய சுற்றுப்போட்டிகளில் ஏழு தடவை தண்ட உதையில் தோற்றது. “பிரேசிலுக்கு மாறுங்கோ ஐயா” என்கிறார்கள் பொடியள். தண்ணீர் காணாத ஒரு சிறுபோகத்துக்காக வயலை மாற்றுகிறோமா?

1996 யூன் 26, ஜேர்மனியுடன் ஐரோப்பியக் கிண்ண அரையிறுதி. பற்றறிக்குத் தடையிருந்த வன்னியில் சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலி கேட்டோம். மிதிப்பவருக்குக் கால் உளைந்தால் செய்தியும் நின்றுவிடும். சௌத்கேற் அடித்த தண்ட உதை தடுக்கப்பட்டதை அப்படித்தான் அறிந்தோம். சரியாக ஒரு மாதத்தில் ‘சத்ஜெய’ படை நடவடிக்கை தொடங்கியது. பந்தை மறந்து மூட்டை கட்டினோம்.

அதே சௌத்கேற்றை 2016இல் பயிற்றுநராக்கினார்கள். 2021, 2024 என இருதடவை ஐரோப்பியக் கிண்ண இறுதிவரை அணியைக் கொண்டுபோனார். இரண்டிலும் தோல்விதான், அது வேறு கதை. நான் பார்ப்பது, தவறவிட்டவர் கையிலேயே அணியைக் கொடுத்த மனதை. எங்கள் கமக்காரர் கூட்டங்களிலோ, பத்து வருடத்துக்கு முன் வாய்க்கால் முறையைக் குழப்பியவர் பேச எழுந்தால், “நீர் இரும்” என்று இன்றைக்கும் இருத்திவிடுகிறோம். இரணைமடுத் தண்ணீர் எந்தத் துருசால் எவ்வளவு வரும் என்று அந்த மனுசனுக்குத்தான் தெரியும்.