கண்ணைப் பார்த்து நோயறியலாமா?

(மன்றத்தின் மாதாந்தக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

 

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் பழமொழி. உள்ளத்தைக் காட்டும் கண், உடலில் உள்ள நோயையும் காட்டுமா? இதுவே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். இதனை நான் ஏட்டிலிருந்து மட்டும் எடுத்து வரவில்லை. என் வீட்டில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தாய்மாமன் ஒருவருக்குச் சீனி வருத்தம். பல ஆண்டுகளாகக் குளிசை எடுத்து வந்தார். அயலூருக்கு ஒருவர் வந்திருக்கிறார், கண்ணைப் பார்த்தே சகல வியாதியையும் சொல்லுகிறார் என்று கேள்விப்பட்டு, சைக்கிளில் ஏற்றி அவரை அழைத்துச் சென்றவன் நானே. வந்தவர் பூதக்கண்ணாடியால் மாமாவின் கண்மணியைச் சுற்றியுள்ள நிறவட்டத்தை அரைமணி நேரம் பார்த்தார். ஒரு படத்துடன் ஒப்பிட்டார். "உங்களுக்குச் சீனி இல்லை, ஈரலில்தான் குறை" என்றார். மாமாவுக்குப் பெரும் சந்தோஷம். ஊசியில்லை, இரத்தம் எடுக்கவில்லை. வரிசையில் நின்று களைக்கவுமில்லை. குளிசையை நிறுத்திவிட்டார். அந்தக் கதையின் முடிவைப் பின்னர் சொல்லுகிறேன்.

கண்ணைப் பார்ப்பது வீண் என்று நான் சொல்ல வரவில்லை. நம் சித்த வைத்தியத்தில் எண்வகைத் தேர்வு என்று ஒன்று உண்டு. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்பன அவ்வெட்டு. அவற்றுள் விழியும் ஒன்று என்பதைக் கவனியுங்கள். எட்டில் ஒன்றே அது; எட்டும் அதுவே அன்று. பரிகாரியார் கீழிமையை இழுத்துப் பார்ப்பதை நாமெல்லோரும் கண்டிருக்கிறோம். அங்கே சிவப்புக் குன்றி வெளிறியிருந்தால் இரத்தசோகை என்று ஐயுறலாம். வெள்ளைவிழி மஞ்சளானால் செங்கண்மாரி. பூசணியும் கரட்டும் மிகுதியாக உண்டவருக்கு உள்ளங்கை மஞ்சளாகும், வெள்ளைவிழி மஞ்சளாகாது. குழந்தைக்கு மாலைக்கண் இருந்து, வெள்ளைவிழியில் நுரைபோன்ற புள்ளி தோன்றினால், அது உயிர்ச்சத்து ஏ குறைவின் அடையாளம். 1863இல் பிரெஞ்சு வைத்தியர் பீற்றோ இதனை விவரித்தமையால் அவர் பெயராலேயே அப்புள்ளி வழங்குகிறது. இவையெல்லாம் மெய். ஆயினும் இலேசான சோகை இமையில் தெரியாமலும் போகலாம். ஆகவே ஐயத்தை எழுப்புவது கண். ஐயத்தைத் தீர்ப்பது இரத்தப் பரிசோதனை.

இனி, மாமாவைப் பார்த்தவரின் வித்தைக்கு வருவோம். கண்மணியைச் சூழ்ந்த நிறவட்டத்தைப் பாடசாலையில் கதிராளி என்று படிக்கிறோம். அதனைக் கடிகார முகம்போலப் பிரித்து, இவ்விடம் சிறுநீரகம், இவ்விடம் ஈரல் என்று குறிக்கும் முறை ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோன்றியது. ஹங்கேரி தேசத்து வைத்தியர் இக்னாஸ் பேட்செலி இதன் தந்தை. சிறுவயதில் கால் முறிந்த ஆந்தையொன்றின் கண்ணில் ஒரு கோட்டைக் கண்டார். அதிலிருந்தே இது பிறந்தது என்று கதை சொல்லுவார்கள்.

கதை இருக்கட்டும்; சோதனை என்ன சொல்கிறது? 1979இல் அமெரிக்காவில் 143 பேரின் கண்களைப் படம்பிடித்து, இம்முறையில் தேர்ந்த மூவரிடம் கொடுத்தார்கள். யாருக்குச் சிறுநீரக நோய், யாருக்கு இல்லை என்று அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. 1988இல் நெதர்லாந்தில் பித்தப்பை நோயாளர் 39 பேர், அந்நோயற்றோர் 39 பேர், பார்த்தவர்கள் ஐவர். நாணயத்தைச் சுண்டிச் சொல்வதைவிட மேலாக அவர்கள் சொல்லவில்லை. ஒருவர் சொன்னதற்கும் மற்றவர் சொன்னதற்கும் பொருத்தமும் இல்லை.

இன்னுமொன்றை யோசியுங்கள். இந்தியாவில் 2010 முதல் வழங்கப்படும் ஆதார் அடையாளத்துக்கு இரு கண்களின் கதிராளியையும் படம் எடுக்கிறார்கள். ஏன்? கைரேகை போல அதன் கோலமும் ஆளுக்காள் வேறு; காலத்தால் பெரிதும் மாறாதது. ஈரல் கெட்டால் ஒரு கோடு, குணமானால் மறு கோடு என்று அது மாறிக்கொண்டிருந்தால் அடையாளத்துக்கு உதவுமா?

ஆனால் சகோதரர்களே, கண்ணின் முன்புறத்தில் இல்லாத செய்தி அதன் பின்சுவரில் உண்டு. அதுதான் விழித்திரை. தோலைக் கீறாமல் இரத்தக்குழாயையும் நரம்பையும் நேரே காணக்கூடிய இடம் நம் தேகத்தில் அது ஒன்றே. 1851இல் ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ற்ஸ் என்னும் அறிஞர் அதனைக் காணும் கருவியை உலகுக்கு அறிவித்தார். சீனி வருத்தம் நீடித்தால் அந்த நுண்ணிய குழாய்களின் சுவர் தளர்ந்து, குமிழ்போல் புடைத்து, கசியத் தொடங்கும். பின்னர் சில அடைபடும். அடைபட்ட இடத்துக்கு ஈடாகப் புதுக் குழாய்கள் முளைக்கும். அவை பலமற்றவை, எளிதில் உடையும். இரத்த அழுத்தம் மிகுந்தவருக்குக் குழாய்கள் ஒடுங்கியிருக்கும். மண்டையோட்டினுள் அழுத்தம் கூடினால் பார்வை நரம்பின் முனை வீங்கி நிற்கும்.

இப்போது இயந்திரமும் இவ்வேலையைக் கற்றுவிட்டது. 2016இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்றில், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்திராலயம் முதலியவற்றின் விழித்திரைப் படங்களையும் கொண்டு, சீனியால் வரும் கண்நோயைக் கண்டுபிடிக்கக் கணினியைப் பழக்கினார்கள். 2018இல் அத்தகைய படத்திலிருந்தே ஒருவருடைய வயதையும், ஆணா பெண்ணா என்பதையும், இரத்த அழுத்தத்தையும் கணினி மதிப்பிட்டது. வியப்புத்தான்! ஆனாலும் அது மதிப்பீடே. கைப்பட்டி கட்டி அழுத்தம் பார்ப்பதற்கும், இரத்தத்தில் சீனி பார்ப்பதற்கும் அது ஈடாகாது.

மாமாவின் கதையை முடிக்கிறேன். ஒன்றரை வருடம் அவருக்கு ஒரு நோவும் இல்லை, பார்வையும் தெளிவு. ஒருநாள் காலை எழுந்தபோது வலக்கண்ணில் கரும்புகை படர்ந்ததுபோல் இருந்தது. ஆஸ்பத்திரியில் துளிமருந்து விட்டு உள்ளே பார்த்த டொக்டர், "ஐயா, இது நேற்று வந்ததல்ல, ஒரு வருடம் முந்தி வந்திருந்தால் லேசர் வைத்துக் காப்பாற்றியிருக்கலாம்" என்றார். இடக்கண்ணைக் காத்துத் தந்தார்கள். வலக்கண் போயிற்று. மாமா என்னை ஒரு வார்த்தையும் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்கு இன்றும் பாரமாக இருக்கிறது.

அவருடைய கண்ணில் உண்மை எழுதப்பட்டே இருந்தது. பார்த்தவர் வாசலைப் பார்த்தார், வீட்டுக்குள் பார்க்கவில்லை.

ஆதலால் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. உங்கள் வீட்டில் சீனி வருத்தமுள்ள ஒருவர் இருப்பார். பார்வை நன்றாயிருக்கிறது என்று அவர் சொல்வதை நம்பி இராதீர்கள். வருடம் ஒருமுறையாவது துளிமருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கும் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். மருந்து விட்டபின் சில மணி நேரம் கண் கூசும், எழுத்து மங்கும். ஆகவே தனியே அனுப்பாமல் கூடவே போங்கள். யார் கண்ணைப் பார்த்து என்ன சொன்னாலும், டொக்டரைக் கேளாமல் குளிசையை நிறுத்த விடாதீர்கள். நான் செய்த பிழையை நீங்கள் செய்யாதிருந்தால், இன்று நான் பேசியது பயன்பட்டதாகும்.