கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று

(தலைச்சோலையில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"ஏதாவது நல்ல விஷயமாப் பேசுங்க" என்றார் சங்கச் செயலாளர். எனக்குத் தெரிந்ததைப் பேசுகிறேன்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் என் மனைவி நோயில் படுத்தபோது நான் கும்பிடாத சாமி இல்லை. இந்த மலைமேல் வந்து சேர்வராயனிடமும் அழுதேன். அவள் பிழைக்கவில்லை. அப்புறம் ரொம்ப நாள் சாமி படத்துக்கு முன்னால் நிற்கவே மனசு வரவில்லை.

அந்த நாளில்தான் பக்கத்துக் கொல்லிமலையின் கதையைப் படித்தேன். ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் என்ற மிஷனரி தம்பதி அங்கே வைத்தியம் பார்த்தார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். நரம்புச் சிலந்தி நோய் பரவாமல் இருக்கக் கிணறுகளுக்குக் கல் கட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் இருவரும் 1923 முதல் இங்கிலாந்தில் படித்தார்கள். அடுத்த வருஷம் அப்பா அம்மா வருவார்கள் என்று காத்திருந்தபோது, 1929 ஜூனில் ஜெஸ்ஸி மலைக்காய்ச்சல் முற்றி இறந்துபோனார். முதலில் தந்தி வந்தது. அப்பா உயிரோடு இருந்தபோது எழுதிய கடிதம் அதற்கப்புறம் கப்பலில் வந்து சேர்ந்தது. மகன் பாலுக்கு அப்போது பதினாலு வயசு.

அந்தக் குடும்பம் பிரார்த்தனை செய்யாமலா இருந்திருக்கும்?

எவலின் அம்மா மலையை விடவில்லை. எழுபது வயசை நெருங்கி மிஷன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், சொந்தப் பொறுப்பில் மறுபடியும் கொல்லிமலை ஏறினார். 1974ல், 95 வயசில் காலமானார். மகன் டாக்டர் பால் பிராண்ட் 1946ல் வேலூருக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக் காட்டினார்.

"பார்த்தீங்களா, அப்பா செத்ததுக்கும் ஒரு காரணம் இருந்தது" என்று நான் கணக்குப் போட மாட்டேன். ஒரு சாவுக்கு ஈடு சொல்வது நம் வேலை இல்லை. கேட்டது கிடைக்காத பிறகும் அந்த அம்மா கடவுளோடு பேச்சை நிறுத்தவில்லை. அதுதான் என்னை உலுக்கியது.

என் மனைவி சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுப்பாள். அவள் போய் மூன்றாம் மாதம் ஒரு பையன் நோட்டோடு வாசலில் நின்றான். "டீச்சர் இல்லேன்னா நீங்க சொல்லிக் குடுங்க சார்" என்றான். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் "உள்ளே வா" என்றேன். இன்றைக்கு பதினேழு பிள்ளைகள் வருகிறார்கள்.

இதுதான் என் பிரார்த்தனைக்குப் பதிலா? தெரியாது. நான் கேட்டது இது இல்லை. அவள் இருந்திருந்தால் இன்னும் நல்லாச் சொல்லிக் கொடுத்திருப்பாள். ஆனால் ராத்திரி விளக்கை அணைக்கும்போது இப்போதெல்லாம் கை தானாகக் கூப்புகிறது.

தம்பி தங்கைகளே, மார்க்கோ, வேலையோ, வேண்டிக்கொண்டது கிடைக்காத நாள் உங்களுக்கும் வரும். சாமியிடம் கோபப்படுங்கள், தப்பில்லை. வாசலில் யாராவது நோட்டோடு நின்றால் மட்டும் கதவைச் சாத்திவிடாதீர்கள்.