இளவயதில் கை மரத்துப்போனால்...
(பேகம்பேட் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் டாக்டர் அல்ல. பி.எஸ்ஸி. படித்து, சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவன். படித்து அறிந்ததைச் சொல்கிறேன்.

நம் மணிக்கட்டில் ஒரு குறுகிய பாதை உண்டு. 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் அதன் வழியே செல்கின்றன. நரம்பு அழுந்தினால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகும். இதுதான் ‘கார்பல் டனல்’. நம் வயதில் இது சகஜம். ஆனால் 20 வயதுப் பிள்ளைக்கு இரண்டு கைகளிலும் வந்தால் காரணத்தைத் தேட வேண்டும்.

அபூர்வமான காரணங்களில் ஒன்று ‘ஷே’ நோய். 1962-ல் இதை விவரித்தவர் ஹரால்ட் ஷே என்ற அமெரிக்கக் கண் மருத்துவர். எம்.பி.எஸ். முதல் வகையின் மிதமான வடிவம் இது. ஒரு என்ஸைம் குறைவதால், கரைய வேண்டிய பொருள் திசுக்களில் தேங்குகிறது. அதனால் தசைநாண்கள் தடித்து நரம்பை நசுக்கும். கழுத்தில் தண்டுவட உறை தடித்தால் நடை தள்ளாடும்.

புத்தியில் குறைவு இராது. அதனால் பெரியவர்களான பிறகே பலருக்குத் தெரிகிறது. விரல் மடங்கினால் எலும்பு டாக்டர், கருவிழி மங்கினால் கண் டாக்டர், வால்வு பழுதானால் இதய டாக்டர் என்று போகிறோம். எல்லாவற்றையும் ஒரே டாக்டரிடம் சேர்த்துச் சொல்லுங்கள். சிறுவயதுக் குடலிறக்க ஆபரேஷனையும் மறைக்காதீர்கள்.

ரத்தத்தில் என்ஸைம் பரிசோதனையால் நோயை அறியலாம். 2003 முதல் என்ஸைம் மருந்து உண்டு. ஆயினும் நசுங்கிய நரம்புக்குப் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படும். மயக்க மருந்து டாக்டரிடம் நோயின் பெயரை முன்கூட்டியே சொல்வது அவசியம். இவர்களுக்கு மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துவது கடினம்.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்நோய் வரும். அத்தை பெண், மாமா பெண், அக்கா பெண் என்று மணந்த குடும்பங்களில் அந்த வாய்ப்பு கூடும். டாக்டர் கேட்டால் உறவைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். ஒருவருக்கு நோய் இருந்தால், உடன்பிறந்தோர் ஒவ்வொருவருக்கும் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.

2021-ஆம் ஆண்டு மத்திய அரசின் அரிய நோய்க் கொள்கைப்படி, பக்கத்து பஞ்சாகுட்டாவிலுள்ள நிம்ஸ் மருத்துவமனை, சி.டி.எஃப்.டி.யுடன் சேர்ந்து சிறப்பு மையமாக உள்ளது. உதவி வரம்பை 2022-ல் 50 லட்சம் ரூபாயாக உயர்த்தினார்கள். வெளியூர் அன்பர்கள் தங்கள் பகுதி மையத்தை விசாரித்து வைத்துக்கொள்ளலாம்.

நசுங்கிய நரம்பு காத்திருக்காது.