மாத்திரை ஒரு நாளும் நிற்கக் கூடாது

(சாகுபுரத்தில் நடந்த மகளிர் குழுக் கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



எப்பவும் நம்ம கூட்டத்தில் சேமிப்பு, கடன், தவணை என்றுதான் பேசுவோம். இன்றைக்கு வலிப்பு நோயைப் பற்றியும், கொரோனா காலத்தில் அந்த நோய் உள்ளவர்கள் பட்ட பாட்டைப் பற்றியும் பேசப் போகிறேன். “கொரோனாதான் போயிட்டே, இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?” என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். நம் மூளை சின்னச் சின்ன மின்சாரத் துடிப்புகளால் வேலை செய்கிறது. அந்தத் துடிப்பு திடீரென்று கட்டுமீறிப் போனால் கை கால் இழுக்கும், நினைவு தப்பும், வாயில் நுரை வரும். சிலருக்கு இழுப்பே வராது. சில விநாடி அப்படியே வெறித்துப் பார்ப்பார்கள். அதுவும் வலிப்பில் ஒரு வகைதான். இது ஒட்டுவாரொட்டி நோய் அல்ல. பேய் பிசாசு அல்ல. காக்காய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கால் கை வலிப்பு என்பதுதான் பேச்சில் காக்கா வலிப்பு என்று ஆகிவிட்டது.

உலகத்தில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒழுங்காக மாத்திரை எடுத்தால் நூற்றில் எழுபது பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும் என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. இதில் ‘ஒழுங்காக’ என்ற வார்த்தையை நன்றாக மனதில் வையுங்கள்.

உப்பளத்தில் வேலை செய்கிற அக்காமாருக்குத் தெரியும். பாத்திக் கரை முழுக்க நன்றாக இருந்தாலும் ஒரே இடத்தில் உடைந்தால் போதும், தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். வலிப்பு மாத்திரையும் அந்தக் கரை மாதிரிதான். இரத்தத்தில் மருந்தின் அளவு தினமும் ஒரே சீராக இருக்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால் அடக்கி வைத்த வலிப்பு திரும்ப வரும். சில சமயம் ஒன்று நிற்பதற்குள் அடுத்தது என்று தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

இப்போது 2020-க்கு வருவோம். மார்ச் 25 அன்று நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. பஸ் நின்றது. திருச்செந்தூர்–திருநெல்வேலி ரயில் நின்றது. நம்ம பக்கத்தில் நரம்பு டாக்டரைப் பார்க்க வேண்டுமானால் தூத்துக்குடி போக வேண்டும், இல்லையென்றால் திருநெல்வேலி போக வேண்டும். திருநெல்வேலி வேற மாவட்டம். மாவட்டம் தாண்ட இ-பாஸ் கேட்டார்கள். மருத்துவ அவசரம், கல்யாணம், சாவு என்றால்தான் பாஸ். மாதாமாதம் மாத்திரை வாங்கப் போவது அவசரமா இல்லையா என்று யாரிடம் கேட்பது? மாவட்டம் விட்டு மாவட்டம் போகும் பஸ்கள் எல்லாப் பக்கமும் மறுபடி ஓடத் தொடங்கியது செப்டம்பர் 7-ம் தேதி. நடுவில் ஐந்து மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

கையில் காசும் இல்லை. மார்ச் கடைசியிலேயே கடலுக்குப் போவது நின்றது. ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. அந்த வருடம் 61 நாள் தடையை 47 நாளாகக் குறைத்தார்கள் என்றாலும், அதுவரை அடுப்பெரிந்த கதை உங்களுக்கே தெரியும்.

நமது குழு ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த அக்காவின் அனுமதியோடுதான் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். உப்பள வேலை. மகனுக்கு அப்போது பதினாறு வயது. மூன்று வருடமாக வலிப்பு வரவில்லை. மாதம் ஒருமுறை திருநெல்வேலி போய் மாத்திரை வாங்கி வருவார். மார்ச் கடைசி வாரம் போக வேண்டியவர், போக முடியவில்லை. இருந்த மாத்திரை தீர்ந்துவிடக் கூடாதே என்று இரண்டு வேளையை ஒரு வேளையாக்கினார். பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஏப்ரல் நடுவில் ஒரு ராத்திரி பையனுக்கு வலிப்பு வந்தது. நின்றது, திரும்ப வந்தது. அக்கம்பக்கத்தார் கொரோனாவோ என்று பயந்து கிட்ட வரவில்லை. கையில் சாவிக்கொத்தைத் திணித்துப் பார்த்திருக்கிறார்கள். 108 வந்து ஏற்றிக்கொண்டு போய், ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பையன் பிழைத்தான்.

இதில் என் மனதை அறுத்தது எது தெரியுமா? அந்த அக்கா வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி நம்ம குழு உறுப்பினர் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டுக்காரர் பால் வண்டி ஓட்டுகிறவர். ஊரடங்கிலும் அனுமதியோடு தினமும் திருநெல்வேலி போய் வந்திருக்கிறார். சீட்டைக் கொடுத்திருந்தால் மறுநாளே மாத்திரை வந்திருக்கும். ஆனால் எட்டு வருடம் ஒன்றாகக் குழுவில் உட்கார்ந்தும், மகனுக்கு இந்த நோய் இருப்பது ஒருத்தருக்கும் தெரியாது. நாளைக்கு அவனுக்குப் பொண்ணு கிடைக்குமா, ஊர் என்ன பேசும் என்ற பயம்.

சகோதரிகளே, அந்த அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்ல முடியாதபடி வைத்திருப்பது நாம்தான். வலிப்பு இருந்தால் கல்யாணம் கூடாது என்று இந்து திருமணச் சட்டத்தில் முன்பு இருந்தது. அதையே 1999-ல் எடுத்துவிட்டார்கள். சட்டம் மாறியது, நம் பேச்சு மாறவில்லை. மறைத்து வைத்த நோய்க்கு, வழி அடைபட்ட நாளில் உதவ ஆள் இல்லாமல் போகிறது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. வலிப்புக்குக் கொடுக்கும் பீனோபார்பிட்டோன், குளோபசாம் போன்ற சில மாத்திரைகள் கட்டுப்பாடு உள்ளவை. சீட்டு இல்லாமல் கடையில் தர மாட்டார்கள். ஊரடங்கு தொடங்கிய நாளில் போன் மூலம் வைத்தியம் பார்க்க மத்திய அரசு விதிமுறை கொண்டுவந்தது. ஆனால் இந்த மாத்திரைகளைப் போனில் எழுதித் தர முதலில் அனுமதி இல்லை. அதனால் வரும் கஷ்டத்தைப் பார்த்து 2020-லேயே அதைத் திருத்தினார்கள். இ-சஞ்சீவனி என்ற இலவச சேவையும் அந்த ஏப்ரலில் வந்தது. வழி இருந்தது. நம்ம வீடுகளுக்குத் தகவல்தான் வந்து சேரவில்லை.

தடுப்பூசி வந்தபோது, “வலிப்பு உள்ளவங்க போடக் கூடாதாம்” என்று ஒரு பேச்சு பரவியது. அது தவறு. வலிப்பு இருப்பது மட்டுமே தடுப்பூசியைத் தவிர்க்கக் காரணம் ஆகாது. காய்ச்சல் வந்தால்தான் சிலருக்கு வலிப்பு தூண்டப்படும். அதனால் எந்தக் காய்ச்சல் வந்தாலும் வலிப்பு மாத்திரையை நிறுத்தாமல், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்பதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். சில மருந்துகள் ஒன்றோடு ஒன்று சேராது.

இப்போ ஏன் இதைப் பேசுகிறேன் என்றால், 2023 டிசம்பர் 17, 18-ஐ நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ரோடு அறுந்தது, கரண்ட் போனது, போனும் போனது. மறுபடியும் அதே கதை. மாத்திரை நனைந்து போனவர்களும் உண்டு. அடுத்து வருவது நோயோ, வெள்ளமோ, புயலோ தெரியாது. வழி அடைபடும் என்பது மட்டும் நிச்சயம். அதனால் ஒவ்வொரு குழுவும் இவற்றைச் செய்ய வேண்டும்:

1. வலிப்பு உள்ள வீட்டில், டாக்டரிடம் கேட்டு, குறைந்தது இரண்டு வார மாத்திரை கூடுதலாக இருக்க வேண்டும். அதைத் தண்ணீர் புகாத டப்பாவில், உயரத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பழையதை முதலில் எடுத்து, புதிதை இருப்பில் வையுங்கள்.

2. டாக்டர் சீட்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள். ஒரு நகல் நம்பிக்கையான ஒரு உறுப்பினரிடம் இருக்கட்டும். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம், ஒருத்தருக்காவது தெரியட்டும்.

3. மருத்துவ அவசரத்துக்குக் குழு நிதியில் ஒரு தொகை ஒதுக்குங்கள். மாத்திரைக்கு என்று கேட்டால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வைக்காதீர்கள். இந்த நோய்க்கான முக்கிய மாத்திரைகள் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம் என்பதையும் சொல்லுங்கள்.

4. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாக வரும் பெண் தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற மகளிர் குழுக்களில் இருந்து வந்தவர்கள்தான். அவர்கள் முக்கியமாகச் சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். வலிப்பு உள்ளவர் இருப்பதையும் சொல்லி, மாத்திரை எங்கே கிடைக்கும் என்று விசாரியுங்கள். ஆலோசனைக்கு 104, அவசரத்துக்கு 108.

5. யார் முன்னால் வலிப்பு வந்தாலும் பயப்படாதீர்கள். மணியைப் பாருங்கள். தலைக்குக் கீழே மெத்தென்று துணி வையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். முகக்கவசம் இருந்தால் கழற்றுங்கள். கை காலை அமுக்கிப் பிடிக்க வேண்டாம். இரும்பு வேண்டாம். வாயில் கரண்டியோ தண்ணீரோ வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ உடனே 108.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சில மாத்திரை, முக்கியமாக வால்ப்ரோயேட், வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் செய்யக்கூடும். அதனால் குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். அதேபோல் வலிப்பு உள்ளவர் சங்கு குளிக்கப் போகக் கூடாது. தனியாகக் குளத்திலோ கடலிலோ குளிக்க வேண்டாம். விடியுமுன்னே உப்பளம் போகிறவர்கள் தூக்கத்தையும் சாப்பாட்டையும் விட்டுவிடாதீர்கள்.

நான் சொன்ன அந்தப் பையன் இப்போது நன்றாக இருக்கிறான், வேலைக்குப் போகிறான். அவன் சீட்டின் நகல் இன்றைக்கு பால் வண்டிக்காரர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, “எங்க குழுவில் இத்தனை வீட்டில் சேர்ந்து பேசி ஏற்பாடு செஞ்சாச்சு” என்று எண்ணிக்கை மட்டும் சொல்லுங்கள், பெயர் வேண்டாம். கடன் தவணை ஒரு மாதம் தவறினால் அடுத்த மாதம் கட்டிக்கொள்ளலாம். மாத்திரை தவறக் கூடாது.