அடைத்த பல் எத்தனை காலம் நிற்கும்?

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் கொழுந்து நிறுவையைப் பற்றியும் இவ்வளவு நேரம் பேசினோம். இப்போது பல்லைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும் பின்வரிசையில் சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் பல்வலியால் பேர் போடாமல் வீட்டில் கிடந்த நாட்கள் எத்தனை என்று இன்று லயத்துக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள்.

நம் அக்கா ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறோம். அவருக்குக் கடைவாய்ப் பல்லில் ஓட்டை. ஆஸ்பத்திரிக்குப் போனார். பல் வைத்தியர் ஓட்டையைச் சுத்தம் செய்து, உள்ளே மருந்து வைத்து, மேலே அடைத்து, இரண்டு கிழமையில் திரும்பி வரும்படி துண்டில் எழுதிக் கொடுத்தார். வலி நின்றுவிட்டது. இரண்டு கிழமை கழிந்தபோது மலையில் நல்ல கொழுந்து. போனால் ஒரு நாள் பேர் போகும், பஸ் காசும் போகும். அக்கா போகவில்லை. எட்டு மாதம் கழித்துக் கன்னம் வீங்கிப் போனபோது பல்லைக் கழற்றத்தான் முடிந்தது. "அடைச்ச பல்லு எப்படி டீச்சர் போகும்?" என்று எங்களிடம் கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்கிறோம்.

எல்லா அடைப்பும் ஒன்றல்ல. அக்காவுக்கு வைத்தது தற்காலிக அடைப்பு. சில கிழமை தாங்குவதற்கென்றே வைப்பது. மென்மையானது. ரொட்டியும் பாக்கும் மெல்ல மெல்லத் தேயும், ஓரம் விடும், அந்த வழியே எச்சிலும் கிருமியும் உள்ளே இறங்கும். வலி நின்றது குணமாகிவிட்டதற்கு அடையாளம் இல்லை. பல்லின் நரம்பு செத்தாலும் வலி நிற்கும். அதன் பிறகு வேரடியில் சீழ் கட்டும்.

நிரந்தர அடைப்பில் நாம் பார்ப்பவை மூன்று. வெள்ளி நிறத்தில் இருப்பது அமல்கம். அதில் ஏறக்குறையப் பாதி பாதரசம், மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. பொதுவாக 10 முதல் 15 ஆண்டு நிற்கும், 20 ஆண்டு தாண்டியதும் உண்டு. பல்லின் நிறத்திலேயே வைத்து, நீல விளக்குக் காட்டி இறுக்குவது கம்போசிட். அது 7 முதல் 10 ஆண்டு வரை நிற்கும் என்று எதிர்பார்க்கலாம். மூன்றாவது கிளாஸ் அயனமர். பிள்ளைகளின் பாற்பல்லுக்கும் ஈறோரத்துக்கும் நல்லது. கடிபடும் இடத்தில் வைத்தால் சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும்.

இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு, பத்து வருடம் ஆனதும் பிடுங்கி மாற்றச் சொல்லிக் கேட்கக் கூடாது. ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரின் வாயில் 25 ஆண்டு பழைய வெள்ளி அடைப்பு இருக்கிறது. கொழும்பில் வேலை செய்யும் மகன், அது பாதரசம், எடுத்துவிடுங்கள் என்றாராம். வைத்தியர் பார்த்து, ஓரத்தை மட்டும் தேய்த்துச் சரிசெய்து, இது நல்லாத்தான் இருக்கிறது என்று அனுப்பிவிட்டார். அதுதான் சரி. பழுதில்லாத அமல்கத்தைத் தோண்டும்போதுதான் பாதரச ஆவி அதிகம் கிளம்பும். ஆனால் புதிதாக அடைக்கும்போது, கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் அமல்கத்தைத் தவிர்க்க வேண்டும் என்பது உலக நாடுகள் ஒப்புக்கொண்ட விஷயம். வயிற்றில் பிள்ளை இருந்தால் நாற்காலியில் உட்காரும் முன்பே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் நல்ல பல்லிலும் கொஞ்சம் போகும், குழி பெரிதாகும். எட்டு வயதில் அடைத்த பல்லைப் பத்துப் பத்து வருடத்தில் மாற்றினால், நாற்பது வயதுக்குள் மூன்று முறை தோண்டியாகிவிடும். பிறகு சுவர் மட்டும் மிஞ்சிய லயக் காம்பராப் போல அந்தப் பல் நிற்கும். சின்னப் பழுதென்றால் முழுதாக மாற்றாமல் அந்த இடத்தை மட்டும் பழுதுபார்க்கலாம். "ரிப்பேர் பண்ண முடியுமா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

அப்படியானால் எப்போது போக வேண்டும்? அடைப்பில் துண்டு உடைந்தால், அசைந்தால், நாக்கில் கூர் தட்டுப்பட்டால். ஒரே இடத்தில் சாப்பாடு சிக்கிக்கொண்டே இருந்தால். ஓரத்தில் கறுப்பு படர்ந்தால். இனிப்போ குளிரோ பட்டதும் கூசினால், கடிக்கும்போது குத்தினால். புதிதாக அடைத்த பல் சில நாள் கூசுவது வழக்கம், அது நாளுக்கு நாள் குறைய வேண்டும். கன்னம் வீங்கிக் காய்ச்சல் வந்தால், வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமானால் மறுநாள் பிரட்டு வரை காத்திருக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலிக்கிற ஈறில் மாத்திரையைப் பொடிசெய்து வைக்காதீர்கள், ஈறு வெந்துபோகும்.

பிள்ளைகள் விஷயம் வகுப்பில் நாங்கள் தினமும் பார்ப்பது. ஆறு வயதளவில் பாற்பல் வரிசைக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் அதையும் பாற்பல் என்று விட்டுவிடுகிறோம். அது விழுந்து முளைக்காது, சாகும்வரை அந்த ஒன்றுதான். பாடசாலைப் பல் சிகிச்சை நிலையத்தில் 3 முதல் 13 வயது வரை இலவசமாகப் பார்க்கிறார்கள். அங்கே கூப்பிடும் நாளில் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாமல் வைத்துக்கொள்ளாதீர்கள்.

அடைப்பின் ஆயுள் நம் கையிலும் இருக்கிறது. படுக்கும் முன் புளோரைட் பற்பசையால் துலக்குங்கள், துப்புங்கள், தண்ணீர் விட்டு அலசாதீர்கள். சீனி போட்ட தேத்தண்ணியை அடிக்கடி குடித்தால் அடைப்பின் ஓரம்தான் முதலில் சொத்தையாகும். பாக்கு அடைப்பையும் பல்லையும் உடைக்கும். வெற்றிலை பாக்கால் வாய்ப் புற்றுநோய் வரும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

கடைசியாகச் சங்கத்தின் வேலை. அக்கா சோம்பலால் பல்லை இழக்கவில்லை, ஒரு நாள் பேருக்குப் பயந்து இழந்தார். அதனால் மூன்று காரியம் செய்வோம். எந்தப் பல், என்ன அடைப்பு, திரும்பிப் போகும் நாள் எது என்று கிளைக் காரியாலயத்தில் ஒரு கொப்பியில் பதிவோம். ஒரே நாளில் போக வேண்டியவர்களை ஒரே வண்டியில் அனுப்பிச் செலவைப் பகிர்வோம். கிளினிக் துண்டைக் காட்டுகிறவருக்கு அன்றைய பேரைக் கொடுக்க வேண்டும் என்று அடுத்த பேச்சுவார்த்தையில் துரையிடம் எழுத்தில் கேட்போம்.

கொழுந்துத் துண்டைத் தொலைக்காமல் வைத்திருக்கிறோம். கிளினிக் துண்டையும் அதோடு சேர்த்து வையுங்கள். இப்போது கையில் திகதி போட்ட துண்டு இருக்கிறவர்கள், கூட்டம் முடிந்ததும் எங்களிடம் வந்து பேர் கொடுத்துவிட்டுப் போங்கள்.